எமர்சன், லேக் அண்ட் பாமர் முதல் ஆல்பம்: முதன்முதலில் எங்கே காதில் விழுந்தது?

மாம்பலத்தான்:

நேற்று பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினேன். "ஒண்ணு நீங்க பிரிச்சு அடுக்குங்க, இல்லேன்னா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்" என்று வீட்டில் கெடு. உள்ளே நாற்பது, ஐம்பது கேசட். அதில் ஒன்று இந்த ஆல்பம், எமர்சன், லேக், பாமர் என்ற மூன்று ஆங்கிலேயர்களின் ராக் குழு போட்டது. 1991-ல் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிவு செய்து வாங்கியது.

அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். கடையில் ஒரு ஃபைல் இருக்கும், அதில் டைப் அடித்த பட்டியல். நம்பர் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் கழித்துக் கேசட் வரும். "எமர்சன் லேக் பாமர்" என்று போட்டிருந்ததைப் பார்த்து, ஏதோ ஏரிக்கரையில் நடந்த கச்சேரி, வாசித்தவர் பாமர் என்று நினைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்.

வீட்டில் டூ-இன்-ஒன்னில் போட்டேன். முதல் பாட்டே பேஸ் கிட்டார் கரகரவென்று, பின்னாடியே ஆர்கன் மிரட்டலோடு. அம்மா அடுக்களையிலிருந்து "என்னடா அது, மோட்டார் ஓடறதா?" என்றாள். மூன்றாவது பாட்டு "நைஃப் எட்ஜ்". பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. முடியப்போகிற சமயம் சுருதி இறங்க ஆரம்பித்தது. குரல், ஆர்கன், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து கீழே, கீழே, கிணற்றுக்குள் போகிற மாதிரி இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது.

டேப் சிக்கிக்கொண்டது என்று பாய்ந்து எஜெக்ட் அழுத்தினேன். சிக்கவில்லை. ரெனால்ட்ஸ் பேனாவைச் சொருகிச் சுற்றி இறுக்கினேன், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன், மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே கிணறு. மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை. "மாஸ்டர்லயே அப்படித்தான் தம்பி இருக்கு" என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. புதுப் பட்டன் டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது வருஷம் கழித்து சிடி வாங்கிக் கேட்கிறேன், அதே கிணறு. ஸ்டூடியோவில் டேப்பை வேண்டுமென்றே மெதுவாக்கி நிறுத்தி முடித்திருக்கிறார்கள். அந்தக் கடையும் இப்போது இல்லை, மன்னிப்புக் கேட்க.

விவரம் தெரியாதவர்களுக்கு: 1970 ஜூலையில் லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் பதிவு தொடங்கி, நவம்பரில் ஐலண்ட் கம்பெனி வெளியிட்டது. தயாரிப்பு கிரெக் லேக், ஒலிப்பதிவு எடி ஆஃபர்ட். கீத் எமர்சன் 'தி நைஸ்' குழுவிலிருந்து, லேக் 'கிங் கிரிம்சன்' குழுவிலிருந்து, கார்ல் பாமர் 'அட்டாமிக் ரூஸ்டர்' குழுவிலிருந்து. மூன்று பேரும் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

உங்களுக்கு எந்த வழியாக வந்தது? எழுதுங்கள்.

ஹாரோ வாசுகி:

அண்ணை, உங்கட கிணத்துக் கதைக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.

எனக்கு இது சுவருக்குள்ளால வந்தது. கொழும்பில பியானோ பழகத் தொடங்கி, 87இல லண்டன் வந்த பிறகும் விடேல்லை. ரீச்சர் ஒரு வெள்ளைக்கார மனிசி, சரியான கண்டிப்பு. அவ எனக்குத் தந்தது பாஹ் எண்ட பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதின முதலாவது பிரெஞ்சு சூட், டி மைனர், அதில முதல் வாற அலமாண்ட் எண்ட துண்டு. மூண்டு மாசம் அதோட மல்லுக்கட்டினன். இரவில படுத்தாலும் கைவிரல் போர்வையில ஓடும்.

அண்ணா அப்ப பெற்றோல் ஸ்டேஷனில இரவு வேலை. சம்பளம் வந்தா சனிக்கிழமையில செக்கண்ட் ஹாண்ட் கடைக்குப் போய் இசைத்தட்டுகள் வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் நான் படிச்சுக்கொண்டு இருக்க, அடுத்த அறையில ஒரே இரைச்சல். திடீரெண்டு இரைச்சல் ஓய்ஞ்சு, ஓர்கனில என்ர அலமாண்ட்! கனவெண்டுதான் முதல் நினைச்சன். ஓடிப்போய், "அண்ணா, இது என்ர சோதனைப் பாட்டு!" எண்டன். "உனக்கென்ன விசரே, இது ரொக் பாண்ட்" எண்டார். நான் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஊசியைத் திருப்பி வைக்கச் சொல்லி, விரலை வைச்சுக்கொண்டு வரி வரியாக் காட்டினன். அண்ணா ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அவர் வைச்சிருந்தது அமெரிக்கப் பதிப்பு. பாஹ் எண்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லை.

அடுத்த கிழமை ரீச்சருக்குச் சொன்னன். அவ கோவிப்பா எண்டு நினைச்சா, "அவர் எந்த வேகத்தில வாசிச்சவர்?" எண்டு மட்டும் கேட்டா.

கறார் கந்தசாமி:

வாசுகி சகோதரி சொன்னதுதான் எனக்கு இந்த ஆல்பத்தின் மீதுள்ள முழுப் புகாரும். முதல் பாட்டு "தி பார்பேரியன்" என்பது ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1911-ல் பியானோவுக்கு எழுதிய "அலெக்ரோ பார்பரோ". "நைஃப் எட்ஜ்" என்பது செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் "சின்ஃபோனியெட்டா", நடுவில் பாஹ். ஆறு பாட்டில் இரண்டுக்கு முதல் போட்டவர்கள் வேறு ஆட்கள். உறையில் இவர்கள் பெயர் மட்டும். நம் ஊரில் ஒரு இசையமைப்பாளர் இப்படிச் செய்தால் எத்தனை நாள் வறுத்தெடுப்போம்?

இசையாகப் பார்த்தாலும் எனக்கு உவப்பில்லை. இரண்டாவது பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "தி த்ரீ ஃபேட்ஸ்" எமர்சனுக்கு, "டேங்க்" பாமருக்கு, "லக்கி மேன்" லேக்குக்கு. பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. கல்லூரி விடுதியில் அறை நண்பன் தினமும் போடுவான். தப்பிக்க நூலகத்துக்குப் போய்ப் போய்த்தான் நான் முதல் வகுப்பில் தேறினேன். அந்த வகையில் கடன்பட்டிருக்கிறேன்.

ராகதேவன்பித்தன்:

நம்ம ராஜா சார் பாஹையும் தியாகராஜரையும் ஒரே ஆல்பத்துல உக்கார வெச்சாரே, அதைவிடவா இவங்க...

மாம்பலத்தான்:

தம்பி, ராஜாவுக்கு ஏற்கெனவே பதினாறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை விட்டுவிடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கந்தசாமி சார், பங்காளிச் சொத்து உவமை பிடித்திருக்கிறது. ஆனால் "டேக் எ பெபிள்" பன்னிரண்டரை நிமிடம் மூன்று பேரும் சேர்ந்துதானே வாசிக்கிறார்கள்? ஆரம்பத்தில் பியானோவின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற கம்பியை விரலால் மீட்டுகிறார் எமர்சன். சந்தூர் என்றே பல நாள் நினைத்திருந்தேன்.

புர்னோ கார்த்தி:

வேலை நிமித்தமாக நான்கு வருடமாகச் செக் நாட்டில், புர்னோ நகரத்தில் இருக்கிறேன். யானாசெக் வாழ்ந்த ஊர் இதுதான். இந்த ஊருக்கு வரும் முன்பு எனக்கு அவர் யாரென்றே தெரியாது. "நைஃப் எட்ஜ்" மட்டும் தெரியும். மாமா பையன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த நூற்றுக்கணக்கான பாட்டுகளில் ஒன்று. ஜிம்முக்குப் போகும்போது கேட்பேன்.

போன வருஷம் அலுவலகத்தில் ஒரு செக் நண்பர், அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு டிக்கெட்டை என் கையில் திணித்தார். கோட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முதல் பாதி முழுக்கக் கண் சொக்கியது, ஒளிக்க என்ன இருக்கிறது. இடைவேளை முடிந்து வந்தால் மேடையின் பின்வரிசையில் கூடுதலாக ஒரு கூட்டம் டிரம்பெட்டோடு நிற்கிறது. எண்ணினேன், ஒன்பது. வயலின்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பித்தளை வாத்தியங்களும் டிம்பனி முரசும் மட்டும் தொடங்கின.

நான்கைந்து சுரம் போனதும் எனக்குத் தலையில் மணி அடித்தது. நண்பர் தொடையைத் தட்டி, "இது நைஃப் எட்ஜ்!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நண்பர் காதோரம் குனிந்து, "இல்லை, இது சின்ஃபோனியெட்டா" என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

வெளியே வந்து, இயர்போனில் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்துக் கேட்க வைத்தேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது: 1926-ல் எழுதப்பட்ட இந்தப் படைப்பின் முதல் பகுதி முழங்கும் எக்காளம்; மற்ற நான்கும் இந்த ஊரின் இடங்கள். கோட்டை, ராணியின் மடம், தெரு, நகரமன்றம். மலைமேல் இருக்கும் ஷ்பில்பெர்க் கோட்டை என் வீட்டு ஜன்னலில் தெரியும். துணி காயப்போடும்போதெல்லாம் பார்க்கிறேன். ஒன்பது டிரம்பெட் செய்வதை ஹேமண்ட் என்கிற ஒரு மின் ஆர்கனும் ஒரு பேஸும் செய்யப் பார்த்திருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே அது விழா மாதிரி இருக்கிறது, இவர்கள் கையில் மிரட்டல் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இரண்டும் வேண்டும்.

கந்தசாமி ஐயா கேட்ட பெயர் விவகாரம்: யானாசெக் இறந்தது 1928-ல், பார்டோக் 1945-ல். அப்போதைய பிரிட்டிஷ் சட்டப்படி இறந்து ஐம்பது ஆண்டு வரை உரிமை உண்டு. ஆக 1970-ல் இருவர் படைப்புக்கும் உரிமை உயிரோடு இருந்தது. பாஹுக்கு மட்டும்தான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. விடுபட்ட பெயர்களைப் பின்னால் வந்த பதிப்புகளில் சேர்த்தார்கள். சேர்த்தது சரி, ஆனால் முதலிலேயே போட்டிருந்தால் என் மாதிரி ஆள் யானாசெக்கைப் பத்து வருஷம் முன்னாடியே தேடிப் போயிருப்பேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒயர்மேன்:

ஒலிப்பதிவுத் தொழில்ல இருக்கேன், அதனால என் வழி "லக்கி மேன்" கடைசி ஒரு நிமிஷம்.

பாட்டு ரொம்பச் சாதாரணம். லேக் பன்னிரண்டு வயசுல, அம்மா கிட்டார் வாங்கிக் கொடுத்த புதுசுல, தெரிஞ்ச நாலு கார்டை வெச்சுப் போட்டது. காசு பணம் இருக்கிற ஒருத்தன் சண்டைக்குப் போய்க் குண்டடி பட்டுச் சாகிறான், அவ்வளவுதான் கதை. ஆல்பத்துக்கு இன்னொரு பாட்டு தேவைப்பட்டப்போ எடுத்து நீட்டியிருக்காரு. எமர்சன் இல்லாத நேரத்துல லேக்கும் பாமரும் பதிவை ஆரம்பிச்சு, பேஸ், கூடுதல் குரல்னு லேக் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டாரு. எமர்சன் திரும்பி வந்து, எல்லாம் முடிஞ்சு போச்சே, நான் எதை வாசிக்கிறதுன்னு கேட்டு, மின்சாரத்துலயே சத்தம் உண்டாக்கற, புதுசா வந்திருந்த மூக் சிந்தசைசர்ல சும்மா வெள்ளோட்டம் மாதிரி வாசிச்சிருக்காரு. அது ஓடற டேப்புல விழுந்திருச்சு. அவர் மறுபடி ஒழுங்கா வாசிக்கிறேன்னாரு, மத்தவங்க இதுவே போதும்னுட்டாங்க. லேக் பல பேட்டியில சொன்ன கதை இது.

இப்போ என் கதை. முதல் வேலை, பெரிய ஸ்டூடியோ ஒண்ணுல எடுபிடி. சீனியர் அண்ணன் ஒருத்தர் பழைய அனலாக் சிந்தசைசர் ஒண்ணு வெச்சிருந்தாரு. அதுல முன்கூட்டியே போட்டு வெச்ச சத்தம்னு எதுவும் கிடையாது. ஒயரை இங்கிருந்து அங்கே சொருகி, குமிழைத் திருகி நீயே உண்டாக்கணும். ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வரும். ஏசி நின்னு அறை சூடாச்சுன்னா சுருதியும் நகரும். என் வேலை, ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அதை அரை மணி நேரம் போட்டுச் சூடேத்தறது.

ஒரு நாள் அண்ணன், "உங்க வீட்டுல யாராவது வீணை வாசிப்பாங்களா?"ன்னு கேட்டாரு. அக்கா வாசிப்பான்னேன். "அப்போ ஜாரு தெரியுமே"ன்னு ஒரு குமிழைத் திருப்பிவிட்டு, கீழ் சுரத்தையும் மேல் சுரத்தையும் அடுத்தடுத்து அழுத்தினாரு. சத்தம் தாவாம, வழுக்கிக்கிட்டே மேல போச்சு. அப்புறம் "லக்கி மேன்" போட்டுக் காட்டினாரு. பாட்டு முடியற மாதிரி இருக்கும், அடியில உறுமிக்கிட்டு மூக் வரும். வழுக்கி வழுக்கி மேலே ஏறி, கடைசியில கட்டடம் சரியற மாதிரி இறங்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. வீணையில இழுக்கிறதுக்கு ஒரு மெட்டு, ஒரு அளவு இருக்கு. இங்கே அந்த அளவே தெரியாம ஒரு ஆள் விளையாடறாரு. தெரிஞ்சுக்கிட்டு வாசிச்சிருந்தா இப்படி வந்திருக்காது.

கறார் கந்தசாமி:

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிவு செய்துகொள்ளவும்.

தனி ஆவர்த்தனம்:

பர்மிங்ஹாமில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பாமர் எங்கள் ஊர்ப் பிள்ளை, பிறந்தது இங்கே ஹாண்ட்ஸ்வொர்த்தில். ஒரு மாணவனின் அப்பாதான் என்னைப் பிடித்து உட்கார வைத்து "டேங்க்" கேட்க வைத்தார். "மாஸ்டர், இருபது வயசுப் பையன் வாசிச்சது, உங்க அபிப்பிராயம் வேணும்." அவர் மனைவி கொடுத்த காபி கையில் இருந்ததால் எழுந்து போக முடியவில்லை.

முதலில் கிளாவினெட் என்கிற மின் கீபோர்ட், பேஸ், டிரம்ஸ் மூன்றும் கிடுகிடுவென்று ஓடுகின்றன. அது எனக்குப் பிடித்தது. பிறகு தனி, டிரம்ஸ் மட்டும். கை சுத்தம், வேகம், இரண்டிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தனியை முடித்துவைக்கும் சொற்கட்டுகள், இதோ மோரா வரும், இதோ கோர்வை வரும் என்று காத்திருக்கிறேன், வரவே இல்லை. அதற்குப் பதில் சத்தத்தையே ஸ்டூடியோவில் சுழற்றிவிடுகிறார்கள், காதைச் சுற்றி ஈ பறக்கிற மாதிரி. பிறகு திடீரென்று மூக் வந்து பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தீர்மானம் இல்லாத தனி. "எப்படி மாஸ்டர்?" என்றார். "காபி நன்றாக இருந்தது" என்றேன்.

அதோடு விட்டாரா? பாமர் இப்போதும் மேடையில் வாசிக்கிறார். எமர்சன் 2016 மார்ச்சில் போனார், அதே வருடம் டிசம்பரில் லேக்கும் போய்விட்டார். இவர் மட்டும் இந்தப் பாட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார். மாணவனின் அப்பா டிக்கெட் எடுத்து அழைத்துப் போனார். கீபோர்டே இல்லை. எமர்சன் வாசித்ததையெல்லாம் ஒரு கிட்டார்காரர் வாசிக்கிறார். பாமர் தனி தொடங்கியதும் நான் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்த வயதில் அந்தத் தோளும் மணிக்கட்டும்! கோர்வை அன்றைக்கும் வரவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன்.

ஹாரோ வாசுகி:

மாஸ்டர், கோப்பி நல்லா இருந்தது எண்டதை நானும் இனிப் பாவிக்கப் போறன்.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். "தி த்ரீ ஃபேட்ஸ்" முதல் பகுதி, க்ளோத்தோ, ஹேமண்ட் இல்லை, ரோயல் பெஸ்டிவல் ஹோலில இருக்கிற குழல் ஓர்கன். 1954இல வைச்சது, 7,866 குழல். கன வருசமாத் திருத்த வேலை நடந்து, 2014இல திரும்பவும் முழுசா வாசிக்கத் தொடங்கேக்க நானும் அண்ணாவும் போனம். அண்ணாவுக்கு அப்பவே காது கொஞ்சம் மந்தம், பெற்றோல் ஸ்டேஷனும் ஹெட்போனும் செய்த வேலை. வாசிச்சது வேற ஆரோ, வேற பாட்டு. ஆனா அடிக்குழல் பிடிக்கேக்க சத்தம் காதால வரேல்லை, கதிரையால வந்தது. அண்ணா கதிரைக் கையில உள்ளங்கையை விரிச்சு வைச்சு, என்னைப் பாத்து, "க்ளோத்தோ" எண்டார்.

புர்னோ கார்த்தி:

வாசுகி அக்கா, அந்த அமெரிக்கத் தட்டு இன்னும் அண்ணாவிடம் இருக்கிறதா?

ஹாரோ வாசுகி:

இருக்குது. உறையில "நைஃப் எட்ஜ்"க்குப் பக்கத்தில நான் பென்சிலால "ஜே. எஸ். பாஹ், அலமாண்ட்" எண்டு எழுதினது இப்பவும் இருக்கு. அண்ணா அழிக்க விடேல்லை. இப்ப நீங்கள் சொன்ன பிறகு யானாசெக்கையும் எழுதச் சொல்லுறன்.

ஒயர்மேன்:

மாம்பலத்தான் சார், ஒரு சின்னக் கணக்கு. ஆல்பம் மொத்தமே நாற்பத்தோரு நிமிஷம்தான். கேசட் தொண்ணூறா இருந்தா ஒரு பக்கத்துக்கு நாற்பத்தஞ்சு. மிச்ச நாலு நிமிஷத்துக்குக் கடைக்காரர் என்ன செஞ்சாரு? அந்தக் காலத்துல யாரும் டேப்பைச் சும்மா விட மாட்டாங்களே.

மாம்பலத்தான்:

சரியாகப் பிடித்தீர்கள். வெற்றுடேப் ஓடினால் வாடிக்கையாளர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார் என்று அவருக்கு ஒரு கொள்கை. மூக் உறுமி அடங்கிய இரண்டாவது நொடி சுசீலாம்மா ஆரம்பிப்பார், பழைய கறுப்பு வெள்ளைப் படத் தாலாட்டு ஒன்று. அம்மா அதற்காகவே கேசட்டை நிறுத்த விடமாட்டாள். "அந்த மோட்டார் முடியட்டும், நம்ம பாட்டு வரும்" என்று கரண்டியோடு வந்து நிலைப்படியில் நிற்பாள். நேற்று பெட்டியில் எடுத்ததைப் போட்டுப் பார்க்க பிளேயர் இல்லை. பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக்கிடம் ஒன்று இருக்கிறதாம், பெல்ட் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.